சித்திரங்களுக்கு அடியில் ஒரு சமாதி

சித்திரசாலைக்குப் போகிறவர்களின் பார்வை சுவரில்தான் இருக்கும். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் யோசிக்கப் போகிறார்கள்? ஆனால் அமெரிக்காவில், நியூ ஹேவன் நகரத்து யேல் சர்வகலாசாலையின் சித்திரசாலையில் அப்படி யோசிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் படங்கள் பலவற்றை வரைந்த மனிதர், அதே கட்டடத்தின் அடியில் தம் மனைவியின் பக்கத்தில் நிரந்தர உறக்கத்தில் இருக்கிறார். படங்கள் வேறு கட்டடத்துக்குப் போனால் தம்முடைய உடலும் கூடவே போகவேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படி அவர் இறந்த பிறகு இரண்டு தடவை படங்கள் இடம் மாறின. இரண்டு தடவையும் அவரும் கூடவே போனார்.

அவர் பெயர் ஜான் டிரம்புல். பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய ஒரு படத்தையாவது பார்த்திருப்பார்கள். அமெரிக்கத் தலைவர்கள் ஒரு மண்டபத்தில் கூடியிருக்க, மேஜையின் முன்னே ஐந்து பேர் நின்று சுதந்திரப் பிரகடனத்தின் நகலைச் சமர்ப்பிக்கும் காட்சி அது. சரித்திரப் புத்தகங்களில் வரும். 1976 முதல் அமெரிக்க இரண்டு டாலர் நோட்டின் பின்புறத்திலும் அச்சாகி வருகிறது.

ஒரு தேசத்தின் பிறப்பைக் கண்ணால் கண்டு, கையால் தீட்டி வைத்த அந்தக் கலைஞர், எழுபத்தைந்தாவது வயதில் சாப்பாட்டுக்கு வழி தேட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில்தான் யேலின் சித்திரசாலை பிறந்தது.

மணல் தரையில் முதல் சித்திரம்

1756-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, கனெக்டிகட் பிரதேசத்தில் லெபனான் என்ற சிற்றூரில் டிரம்புல் பிறந்தார். தகப்பனார் ஜோனதன் டிரம்புல் பெரிய மனிதர். பின்னால் அந்தப் பிரதேசத்துக்கே கவர்னரானவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தபோது, பதவியிலிருந்த கவர்னர்களில் மக்கள் பக்கம் நின்றவர் இவர் ஒருவரே.

பிள்ளைக்குச் சிறு வயதிலேயே ஒரு விபத்து. மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்ததில் இடது கண்ணுக்கு மேலே பலத்த அடி. அந்தக் கண்ணின் பார்வை அநேகமாகப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணைக் கொண்டுதான் எண்பத்தேழு வயது வரை உலகத்தைப் பார்த்தார், சித்திரமும் தீட்டினார்.

மூத்த சகோதரி பெயித், பாஸ்டனில் படித்துவிட்டு வந்தவள். அவள் வரைந்த படங்களைத் தாயார் கூடத்தில் மாட்டியிருந்தார். சின்னப் பையன் அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தக் காலத்து வீடுகளில் தரைமீது மெல்லிய மணல் தூவுவது வழக்கம். அந்த மணலில் அக்காள் வரைந்த முகங்களை விரலால் வரைந்து பார்ப்பான். நம் வீட்டுப் பெண் குழந்தைகள் வாசலில் கோலம் பழகுவதைப்போல, அவனுக்கு வீட்டுத் தரைதான் பள்ளிக்கூடம்.

பதினைந்து வயதில் ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பினார்கள். வழியில் பாஸ்டனில் காப்ளி என்ற பெரிய சித்திரக்காரரைச் சந்தித்தான் பையன். கல்லூரியே வேண்டாம், இவரிடம் தொழில் கற்கிறேன் என்று ஆசை. தகப்பனார் சம்மதிக்கவில்லை. மகன் வக்கீலாகவோ பாதிரியாராகவோ வரவேண்டும் என்பது அவர் எண்ணம். சித்திரம் வரைந்து பிழைக்க இது என்ன பழைய கிரேக்க தேசமா என்று அவர் கேட்டது, மகனுக்கு ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. தகப்பனார் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதைக் காலம் பின்னால் காட்டிற்று. 1773-ல் பதினேழு வயதில், தம் வகுப்பிலேயே மிக இளையவராக டிரம்புல் பட்டம் பெற்றார்.

துப்பாக்கியும் தூரிகையும்

1775-ல் யுத்தம் மூண்டது. டிரம்புல் கனெக்டிகட் படையில் சேர்ந்து பாஸ்டனுக்கு வெளியே ராக்ஸ்பரி முகாமில் இருந்தார். ஜூன் 17-ந் தேதி நடந்த பங்கர் ஹில் சண்டையை அங்கிருந்தே தூரத்தில் கண்டார். பீரங்கி முழக்கமும், தீப்பற்றி எரிந்த ஊரின் புகையும் அவர் நெஞ்சில் பதிந்தன.

அந்தச் சண்டை அவர் குடும்பத்தையும் விடவில்லை. படையிலிருந்த கணவனைப் பார்க்க முகாமுக்கு வந்திருந்த சகோதரி பெயித், யுத்தத்தின் கோரத்தை நேரில் பார்த்துவிட்டாள். அவள் சித்தம் கலங்கியது. அவ்வாண்டு நவம்பரிலேயே இறந்துபோனாள். தம்பிக்குச் சித்திரத்தை முதலில் காட்டிய கை அதோடு ஓய்ந்தது.

புதிய சேனாதிபதியாக ஜார்ஜ் வாஷிங்டன் வந்து சேர்ந்தார். எதிரியின் கொத்தளங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. டிரம்புல் உயர்ந்த புல்லுக்குள் ஊர்ந்து போய், கண்ணில் பட்டதைப் படமாக எழுதி வந்தார். எதிரிப் படையிலிருந்து ஓடிவந்த ஒருவன் கொடுத்த விவரமும் அதுவும் ஒத்துப்போயின. வாஷிங்டன் மகிழ்ந்து அவரைத் தம் அந்தரங்க உதவியாளர்களில் ஒருவராக வைத்துக்கொண்டார். அந்தப் பதவி மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அந்த நாட்களின் பெருமையை டிரம்புல் சாகும்வரை மறக்கவில்லை.

இந்த மனிதருக்கு ரோஷம் அதிகம். 1777-ல் அவருக்குக் கர்னல் பதவிக்கான உத்தரவு வந்தது. அதில் தேதி சில மாதங்கள் பிந்திப் போடப்பட்டிருந்தது. தம் சேவையைக் குறைத்துவிட்டார்கள் என்று உத்தரவைத் திருப்பி அனுப்பிவிட்டு ராஜினாமாச் செய்தார். ராஜினாமாச் செய்தாலும் ஊரார் அவரைக் கடைசிவரை கர்னல் டிரம்புல் என்றேதான் அழைத்தார்கள்.

லண்டன் சிறை

சித்திரம் கற்க ஆசிரியர் வேண்டும். நல்ல ஆசிரியர் இருந்ததோ எதிரியின் தலைநகரில்! பென்ஸில்வேனியாவில் பிறந்த பெஞ்சமின் வெஸ்ட் லண்டனில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவில் இருந்தார். யுத்தம் முடியாத நிலையிலேயே 1780-ல் டிரம்புல் அவரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார்.

அதே சமயம் அமெரிக்காவில் மேஜர் ஆண்ட்ரே என்ற பிரிட்டிஷ் அதிகாரி உளவாளியாகப் பிடிபட்டு, அக்டோபர் 2-ந் தேதி தூக்கிலிடப்பட்டார். செய்தி நவம்பரில் லண்டனை எட்டியதும் ஊர் கொதித்தது. அமெரிக்கக் கவர்னர் ஒருவரின் மகன், முன்னாள் ராணுவ அதிகாரி, இதே ஊரில் தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறான் என்றால் விடுவார்களா? டிரம்புல் கைதானார்.

ஆசிரியர் வெஸ்ட் நேரே அரசரிடம் ஓடினார். தம் மாணவன் நிரபராதி என்று முறையிட்டார். உயிருக்கு ஆபத்து வராது என்று அரசர் வாக்களித்தார். ஆனாலும் சிறைவாசம் சுமார் ஏழு மாதம் நீடித்தது. டிரம்புல் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. இத்தாலிய மேதை கோரெஜ்ஜோவின் படத்தைப் பார்த்து வெஸ்ட் எழுதி வைத்திருந்த பிரதியைச் சிறைக்கு வரவழைத்து, அதைப் பார்த்துத் தாமும் ஒரு பிரதி எழுதினார். 1781 ஜூனில், எட்மண்ட் பர்க்கின் முயற்சியால், முப்பது நாளில் தேசத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை கிடைத்தது. ஜாமீன் நின்றவர்கள் இருவர்: ஒருவர் வெஸ்ட்; மற்றவர், சிறு வயதில் பார்த்து மயங்கிய அதே காப்ளி!

சமாதானம் ஏற்பட்டதும் 1784-ல் மறுபடியும் லண்டனுக்குப் போய் வெஸ்டிடம் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு பெரிய எண்ணம் உதித்தது. அமெரிக்க சுதந்திரப் போரின் முக்கிய நிகழ்ச்சிகளை வரிசையாகச் சித்திரங்களில் தீட்டி வைப்பது. தாமே போரில் இருந்தவர். தலைவர்களை நேரில் அறிந்தவர். இதற்குத் தம்மைவிடத் தகுந்தவர் யார் என்று அவர் நினைத்ததில் தவறில்லை.

முகங்களைத் தேடி

1786-ல் பங்கர் ஹில் சண்டைப் படம் முடிந்தது. குண்டடிபட்டுச் சாகும் அமெரிக்கத் தளபதி வாரனைக் குத்த ஒரு சிப்பாய் துப்பாக்கி ஈட்டியை ஓங்குகிறான். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரே அதைக் கையால் தடுக்கிறார். எதிரியின் பெருந்தன்மையையும் மறைக்காமல் காட்டிய படம் அது.

அவ்வாண்டே பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெபர்ஸன் அவரைத் தம் வீட்டில் தங்க வைத்துக்கொண்டார். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய கையே, பிரகடனம் சமர்ப்பித்த மண்டபம் எப்படி இருந்தது என்று நினைவிலிருந்து கோடு போட்டுக் காட்டியது. அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில்தான் டிரம்புல் தம் பிரசித்தி பெற்ற படத்தின் முதல் குறிப்பை எழுதினார்.

அந்தப் படத்தில் ஒரு விரதம் கடைப்பிடித்தார். கற்பனை முகம் கூடாது. கையெழுத்திட்டவர்கள் 56 பேர். அவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போய் எதிரில் உட்காரவைத்து எழுதவேண்டும். இறந்தவர்களுக்கு நம்பத் தகுந்த பழைய படம் வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் அவரை விட்டுவிட வேண்டும். ஒன்றிரண்டு இடங்களில்தான் மகனின் முகச்சாயலைக் கொண்டோ, வர்ணனையைக் கேட்டோ எழுதினார். ஆடம்ஸை லண்டனிலும், ஜெபர்ஸனைப் பாரிஸிலும் எழுதியாயிற்று. 1789-ல் தாயகம் திரும்பி, வடக்கே நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து தெற்கே சார்லஸ்டன் வரை ஊர் ஊராக அலைந்தார். காகிதத்திலும் சிறு பலகைகளிலும் முகங்களைச் சேகரித்தார். இன்று அந்தத் தலைவர்கள் பலர் எப்படி இருந்தார்கள் என்று நமக்குத் தெரிவது, இந்த ஒற்றைக் கண் யாத்திரிகர் பட்ட பாட்டினால்தான்.

ஆனால் பாடு வேறு, பணம் வேறு. படங்களைச் செதுக்கு அச்சில் பிரதி எடுத்து விற்றால் ஜீவனம் நடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். சந்தா கட்ட ஆள் சேரவில்லை. சார்லஸ்டன் நகரத்தார் வாஷிங்டன் படம் ஒன்று கேட்டார்கள். டிரென்டன் யுத்தகளத்தில் நிற்கும் வீரராக எழுதிக் கொடுத்தார். அமைதியான ஜனாதிபதிதான் எங்களுக்கு வேண்டும் என்று வேறு படம் எழுதச் சொல்லிவிட்டார்கள். மனம் கசந்து 1794-ல் தூரிகையை ஒதுக்கி வைத்துவிட்டு, லண்டனுக்கு உடன்படிக்கை பேசப்போன ஜான் ஜேயின் காரியதரிசியாகக் கப்பலேறினார். அங்கே ஓர் ஆங்கிலப் பெண்மணியை 1800-ல் மணந்தார். பின்னால் மறுபடியும் பிழைப்புத் தேடி இங்கிலாந்து போனபோது 1812-ம் ஆண்டு யுத்தத்தில் அகப்பட்டுக்கொண்டார். கடன் சுமையோடுதான் ஊர் திரும்ப முடிந்தது.

பூட்டிய கதவு

அறுபது வயதுக்கு மேல் அதிர்ஷ்டம் எட்டிப் பார்த்தது. வாஷிங்டன் நகரத்துச் சட்டசபை மாளிகையின் வட்ட மண்டபத்துக்கு நான்கு பெரிய படங்கள் எழுத 1817-ல் உத்தரவு வந்தது. மொத்தக் கூலி 32,000 டாலர். ஒவ்வொன்றும் பன்னிரண்டடி உயரம், பதினெட்டடி அகலம். பிரகடனக் காட்சியும் அவற்றில் ஒன்று. 1826-ல் நான்கும் மண்டபத்தில் ஏறின.

ஏறியதும் ஏச்சும் வந்தது. பிரகடனப் படத்தில் வரிசையாகத் தெரியும் கால்களைப் பார்த்து, இது வெறும் முழங்கால் படம் என்கிற பாணியில் ஒரு பிரதிநிதி கேலி செய்தார். பெரிய படங்களில் உயிர்த்துடிப்புக் குறைவு என்று ரசிகர்களும் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அவர் இளமையில் எழுதிய மூல பிரகடனப் படம் இரண்டடி உயரம்கூட இல்லை. அந்தச் சிறு பரப்பில் முகங்கள் பேசுகின்றன. ஒற்றைக் கண் மனிதருக்குக் கைக்கு எட்டிய தூரமே கலைக்கு ஏற்ற தூரமாக இருந்தது போலும்.

நியூ யார்க்கில் கலைச் சங்கம் ஒன்றின் தலைவராகவும் அவர் இருந்தார். சங்கத்துச் சிற்பப் பிரதிகளைப் பார்த்து வரைந்து பழக இளைஞர்களுக்கு விடியற்காலையில் அனுமதி உண்டு. 1825-ல் இளம் மாணவர்கள் சிலர் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. காவலாள் திறக்க மறுத்தான். பெரியவர் டிரம்புலோ காவலாள் பக்கம் பேசினார். இனாமாகக் கிடைக்கும் இடத்தில் குறை சொல்லலாமா என்பது அவர் வாதம். மனம் புண்பட்ட இளைஞர்கள் வெளியேறித் தனிச் சங்கம் கண்டார்கள். அதற்குத் தலைவரானவர் ஸாமுவேல் மார்ஸ்; பிற்பாடு தந்தியினால் உலகப் புகழ் அடைந்த அதே மார்ஸ்தான். புதிய சங்கம் வளர்ந்தது. கிழவரின் சங்கம் தேய்ந்தது. தாம் இளமையில் ஆசிரியரைத் தேடிக் கடல் தாண்டியதை அன்று அவர் மறந்துவிட்டார். அவருடைய வாழ்க்கையில் மெச்ச முடியாத பக்கம் இது.

சென்னைக் கவர்னர் பெயரில் ஒரு கல்லூரி

1824-ல் மனைவி காலமானாள். கூலிப் பணம் கடனில் கரைந்தது. வட்ட மண்டபத்தில் காலியாக இருந்த மற்ற நான்கு இடங்களும் தமக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. வாடகை அறையில் கிழவர் தனியாக இருந்தார். சுற்றிலும் விற்காத படங்கள்.

யேல் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் பெஞ்சமின் ஸில்லிமன், டிரம்புலின் அண்ணன் மகளை மணந்தவர். ஒருநாள் அவரிடம் கிழவர் தம் நிலையைத் திறந்து சொன்னார். உயிருள்ளவரை ஜீவனத்துக்கு வழி செய்தால், படங்கள் எல்லாவற்றையும் கல்லூரிக்கே கொடுத்துவிடத் தயார் என்றார். ஸில்லிமன் அந்தப் பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டார்.

யேல் என்ற பெயர் நமக்கு அந்நியமானதல்ல. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் பெயர்தான் அது. கோட்டைக்குள் இருக்கும் ஸெயிண்ட் மேரீஸ் மாதாகோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர். மகனைச் சென்னை மண்ணிலேயே அடக்கம் செய்தவர். சொந்த வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்து, முறைகேட்டுப் புகார்களால் பதவி இழந்தவர். அவர் நாளில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றும் வியாபாரமும் நடந்தது. 1718-ல் அவர் ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், ஜார்ஜ் மன்னர் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அந்த நன்றிக்காகக் கல்லூரிக்கு அவர் பெயர் இட்டார்கள். சென்னைச் செல்வத்தால் பெயர் பெற்ற கல்லூரிதான், நூற்றுப் பதின்மூன்று வருஷம் கழித்து இந்தச் சித்திரக்காரருக்குப் புகலிடம் தந்தது.

1831 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள். கல்லூரி அவருக்கு ஆயுள் உள்ளவரை வருஷம் 1,000 டாலர் கொடுக்கும். படங்கள் கல்லூரிக்குச் சொந்தம். அவற்றை வைக்க ஒரு கட்டடம் கட்டவேண்டும். படம் பார்க்க வருவோர் கட்டணம் செலுத்துவார்கள். டிரம்புலின் காலத்துக்குப் பிறகு அந்த வருமானம் ஏழை மாணவர்களின் படிப்புக்குப் போகவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். விடியற்காலையில் வந்த மாணவர்களுக்கு மூடிய கதவை நியாயப்படுத்திய அதே மனிதர், ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார்!

கட்டடத்துக்கு நகல் போட்டவரும் அவரேதான். மேல் தளத்துச் சுவர்களில் ஜன்னல் இல்லை. வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாகவே படங்கள்மேல் இறங்கும். 1832 அக்டோபரில் சித்திரசாலை திறந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அவருடைய படங்கள் அங்கே ஏறின. சார்லஸ்டன் ஊரார் வேண்டாம் என்ற வாஷிங்டன் படமும் 1806-லேயே நன்கொடையாகக் கல்லூரிக்கு வந்து காத்திருந்தது. இன்று அமெரிக்கக் கண்டங்களிலேயே மிகப் பழைய சர்வகலாசாலைச் சித்திரசாலை என்ற பெருமை யேலுக்கு உண்டு.

வாஷிங்டன் காலடியில்

கடைசிக் காலத்தில் சில ஆண்டுகள் ஸில்லிமன் வீட்டிலேயே தங்கித் தம் சரிதத்தை எழுதினார். 1841-ல் அது புத்தகமாக வந்தது. 1843 நவம்பர் 10-ந் தேதி நியூ யார்க்கில் காலமானார். தம் தலைவர் வாஷிங்டனின் படத்துக்குக் கீழே தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அவர் கேட்டுக்கொண்டது. அப்படியே செய்தார்கள். மனைவியின் சவப்பெட்டியும் பக்கத்தில் வைக்கப்பட்டது.

1867-ல் படங்கள் ஸ்ட்ரீட் ஹால் என்ற புதுக் கட்டடத்துக்குப் போயின. தம்பதியின் உடல்களும் போயின. அங்கே 1869-ல் திறந்த கலைப் பள்ளியில் ஆரம்பத்திலிருந்தே பெண்களுக்கும் இடம் கிடைத்தது. யேலில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் பள்ளி அதுதான். பெயித் போன்ற சகோதரிகளுக்கு அந்தக் கதவு சற்றுத் தாமதமாகத்தான் திறந்தது. டிரம்புல் நகல் போட்ட பழைய கட்டடத்தை 1901-ல் இடித்துவிட்டார்கள். 1928-ல் இன்னொரு புதிய மாளிகை எழும்ப, படங்களும் சமாதியும் மறுபடி இடம் மாறின. 1953-ல் பக்கத்தில் லூயி கான் கட்டிய புதிய பகுதி சேர்ந்தது. நம் ஆமதாபாத் நிர்வாகக் கல்விக்கழகத்தைப் பின்னால் நிர்மாணித்தவர் அவர்தான். 2012-ல் மூன்று கட்டடங்களையும் இணைத்துத் திறந்தார்கள். இப்போது உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

அந்தச் சித்திரசாலையில் பருவத்துக்குப் பருவம் புதுப்புதுக் கண்காட்சிகள் நடக்கின்றன. எங்கெங்கிருந்தோ படங்கள் வருகின்றன. சில மாதம் சுவரில் இருக்கின்றன. பெட்டியில் ஏறிப் போய்விடுகின்றன. பங்கர் ஹில் படமும், இரண்டடிகூட உயரமில்லாத அந்தப் பிரகடனப் படமும் அவர் ஒப்படைத்த சொத்தாக அங்கேயே இருக்கின்றன.

வருஷம் 1,000 டாலர் வீதம், கல்லூரி அவருக்குக் கொடுத்தது மொத்தத்தில் சுமார் 12,000 டாலர். அவர் கொடுத்ததற்கு இன்று விலை சொல்ல முடியாது. சித்திரம் வரைந்து பிழைக்க முடியுமா என்று தகப்பனார் கேட்ட கேள்விக்கு மகனால் கடைசிவரை சரியான பதில் சொல்ல முடியவில்லை. சித்திரத்தால் அவர் பிழைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அவருடைய சித்திரங்கள் பிழைத்துக்கொண்டன.